எழுபது வாரச் சிரிப்பு

கொல்கத்தாவில் தமிழர்கள் வாழைப்பூவும் கறிவேப்பிலையும் வாங்கப் போகிற இடம் லேக் மார்க்கெட். அதைச் சுற்றியுள்ள தெருக்களில் பல தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. 2021ல் அந்த வீடுகளில் ரிமோட்டைக் கையில் வைத்திருந்தவருக்கு ஒரு விநோத வசதி கிடைத்தது. ஸ்டார் ஜல்சாவைத் திருப்பினால் ஸ்ரீமொயீ என்கிற வங்காளி இல்லத்தரசி கண் கலங்கி நிற்பார். விஜய் டி.வி.க்கு மாற்றினால் பாக்கியலட்சுமி. ஸ்டார் பிளஸ்ஸுக்கு மாற்றினால் அனுபமா. மூன்று மொழி, மூன்று சமையலறை, மூன்று மாமியார். கதை மட்டும் ஒன்று. வீட்டுக்காக உழைத்துத் தேய்ந்தவளைப் படிப்பில்லாதவள், நாகரிகம் தெரியாதவள் என்று வீடே இளக்காரமாகப் பார்க்கிறது. புருஷனுக்கோ வேறொரு பெண்ணின் மீது கண்.

சரக்கு டாலிகஞ்ச் சரக்கு. லீனா கங்கோபாத்யாய் எழுதி, இந்திராணி ஹல்தார் நடித்து, 2019 ஜூனில் தொடங்கிய 'ஸ்ரீமொயீ' 2021 டிசம்பரில் முடிந்தது. அதற்குள் மராத்தி, இந்தி, தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் என்று கிளை பரப்பிவிட்டது. தமிழ்ப் பாக்கியலட்சுமி 2020ல் தொடங்கி 2025 வரை, தாய்த் தொடரைவிட இரு மடங்கு காலம் ஓடினார். இந்தி அனுபமாவும் 2020 ஜூலையில் தொடங்கி, மூலம் முடிந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் போய்க்கொண்டே இருந்தார். ஏற்றுமதிக்குப் பெரிதாக எதுவும் மிச்சமில்லை என்று அலுத்துக்கொள்கிற நகரத்துக்கு, கோணல் குடும்பம் நல்ல ஏற்றுமதிப் பண்டமாக அமைந்தது.

அனுபமாவாக நடிக்கும் ரூபாலி கங்குலியும் கல்கத்தாவில் பிறந்தவர்தான். ஆனால் அவருக்கு முதலில் பெயர் வாங்கித் தந்தது கண்ணீர்க் கதாபாத்திரம் அல்ல. இதே போன்ற ஒரு வீட்டில், இதே போன்ற இளக்காரத்துக்கு ஆளாகி, பார்ப்பவர்களைச் சிரிக்க வைத்த மருமகள் வேடம் அது. அந்தத் தொடருக்குக் கிடைத்த ஆயுள் ஒன்றரை வருடத்துக்கும் கொஞ்சம் குறைவு.

'சாராபாய் வெர்சஸ் சாராபாய்', ஸ்டார் ஒன் சானல் 2004 நவம்பரில் தொடங்கப்பட்டபோது அதோடு சேர்ந்து வந்தது. ஆதிஷ் கபாடியா எழுத்து, தேவன் போஜானி இயக்கம், ஜே.டி. மஜேதியாவின் ஹேட்ஸ் ஆஃப் நிறுவனத் தயாரிப்பு. வாரம் ஒரு முறை வந்து, சுமார் 70 அத்தியாயங்களோடு 2006 ஏப்ரலில் நின்றது.

தென் மும்பையில் கஃப் பரேட் என்கிற பணக்காரப் பகுதியில், ஒரே மாடியில் எதிரெதிர் வீடுகளில் வசிக்கும் குஜராத்திக் குடும்பம். மாமியார் மாயா (ரத்னா பாடக் ஷா) கலை, நாகரிகம், மேஜைப் பழக்கம் எல்லாவற்றிலும் கரை கண்டவர் என்று தன்னைப் பற்றி நினைப்பவர். மாமனார் இந்திரவதன் (சதீஷ் ஷா) வயதான விஷமக்காரக் குழந்தை. மூத்த மகன் சாஹில் (சுமீத் ராகவன்) அழகு சிகிச்சை டாக்டர். அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர். இளையவன் ரோசேஷ் (ராஜேஷ் குமார்) அம்மா பிள்ளை. தாங்க முடியாத கவிதைகள் எழுதுபவன். மூத்த மருமகள் மோனிஷாதான் ரூபாலி. நொய்டாவிலிருந்து வந்த பஞ்சாபிப் பெண். தள்ளுபடி என்றால் ஓடுவாள், பேரம் பேசுவாள், வீட்டைப் போட்டது போட்டபடி விடுவாள். மாயாவின் அகராதியில் இதற்கெல்லாம் ஒரே பெயர்: 'மிடில் கிளாஸ்'. அதைவிடக் கெட்ட வசவு அந்த வீட்டில் கிடையாது.

மருமகளின் நிஜப் பெயர் மனீஷா. அது மட்டமாக இருக்கிறது என்று மாயாதான் மோனிஷா என்று மாற்றி வைக்கிறார். கொல்கத்தாக்காரர்களுக்கு இதில் தனியாக ஒரு சிரிப்பு உண்டு. வங்காளி நாக்கில் 'அ' பெரும்பாலும் 'ஒ' ஆகிவிடும். மனீஷா என்று எழுதினாலும் அங்கே வாயில் வருவது மோனிஷாதான். மாயா உயர்குடி முத்திரையாக நினைத்துச் சூட்டிய பெயரை, ஷியால்தா ரயிலில் கூடையோடு வரும் பெண் கூடத் தன் மகளைக் கூப்பிடச் சர்வ சாதாரணமாக உச்சரிப்பாள். அந்தஸ்து என்பது பெரும்பாலும் உச்சரிப்பு விவகாரம் என்பதை இதைவிடச் சிக்கனமாகச் சொல்ல முடியாது.

இந்தக் குடும்பத்தில் யாரும் யாரையும் திருத்துவதில்லை. மாயா கடைசி வரை மாயாதான். மோனிஷாவும் கடைசி வரை பேரம் பேசுகிறாள். மாமனார் எப்போதும் மருமகள் கட்சி. மனைவியைச் சீண்டுவதற்காகவே அந்தக் கட்சி. அவமானம் வாரா வாரம் நடக்கிறது. ஆனால் அது யார் மேல் போய் விழுகிறது என்பதில்தான் தொடரின் சாமர்த்தியம் இருந்தது. மாயா ஒரு வாக்கியத்தைத் தேனில் தோய்த்து எறிவார். மோனிஷா அதைப் புரிந்துகொண்டாளோ இல்லையோ, சமோசாவைக் கடித்தபடி நிற்பாள். சிரிப்பு மாயாவின் மேல்தான் போய் விழும். இளக்காரம் செய்பவரை இளப்பமாகக் காட்டுவது நகைச்சுவையின் பழைய வேலை. அந்த வேலையைத் தொடர் ஒழுங்காகச் செய்தது.

பலன்? ரேட்டிங் ஏறவில்லை. அந்த நாட்களில் இந்தி டி.வி.யை ஆண்டது 'க்யோங்கி சாஸ் பி கபீ பஹூ தீ'. 2000ல் தொடங்கி 2008 வரை 1,833 அத்தியாயங்கள். அங்கேயும் மாமியார், மருமகள், பெரிய வீடு. ஒன்றுக்கு எட்டு வருடம், மற்றதற்குப் பதினேழு மாதம். தேர்ந்தெடுத்த சில ஆயிரம் வீடுகளின் டி.வி.யில் பொருத்திய பெட்டிதான் அப்போது தராசு. அந்தத் தராசில் கண்ணீருக்கு எடை அதிகம்.

ரசனைக் குறைவு என்று ரசிகர்களைத் திட்டுவது சுலபம். நிஜக் காரணம் தொழிலில் இருக்கிறது. தினசரித் தொடருக்கு ஒரு சண்டை கிடைத்தால் பத்து நாள் ஓட்டலாம். ஓர் அறை விழுந்தால் அதை மூன்று கோணத்தில் மூன்று முறை காட்டலாம். பிறகு சுற்றி நிற்கும் பத்து முகங்களையும் வரிசையாகக் காட்டலாம். அத்தோடு அன்றைய அத்தியாயம் முடிந்தது. நாளைக்கு என்ன ஆகுமோ என்கிற தவிப்பும் தயார். நகைச்சுவையில் இது செல்லாது. ஒரு ஜோக்கை மூன்று முறை காட்டினால் இரண்டாம் முறையே செத்துவிடும். ஒவ்வொரு வாரமும் புதிய சூழ்நிலை, புதிய வசனம், புதிய முடிவு வேண்டும். அடுத்த வாரம் பார்க்காவிட்டால் ஒன்றும் குடிமுழுகிவிடாது என்பதால் ரசிகரைக் கட்டிப்போடவும் வழியில்லை. எழுதுபவருக்கு வேலை பத்து மடங்கு, சானலுக்கு நிச்சயம் பத்தில் ஒரு பங்கு.

தூர்தர்ஷன் மட்டுமே இருந்த காலத்தில் இந்தக் கணக்கு வேறு. பதின்மூன்று வாரம் என்று அளந்து கொடுப்பார்கள், பிடித்திருந்தால் நீட்டிப்பு. அதனால் குட்டித் தொடர் என்பது தோல்வியின் அடையாளமாக இருக்கவில்லை. 1984ல் வந்த 'யே ஜோ ஹை ஜிந்தகி' அந்தக் காலத்துப் பிள்ளை. சரத் ஜோஷி எழுத, குந்தன் ஷா உள்ளிட்டோர் இயக்கினார்கள். அதில் ஒரு நடிகர் அத்தியாயத்துக்கு ஒரு வேடத்தில் வந்து நாட்டையே கவர்ந்தார். அவர்தான் இருபது வருடம் கழித்து இந்திரவதனாக வந்த சதீஷ் ஷா. தமிழிலும் எஸ்.வி. சேகரின் 'வண்ணக் கோலங்கள்' தூர்தர்ஷன் காலத்துச் சிரிப்பு. பிறகு சன் டி.வி.யின் 'சின்ன பாப்பா பெரிய பாப்பா' மாமியார் மருமகள் சண்டையையே வேடிக்கையாக்கியது. எம்.எஸ். பாஸ்கரைப் பட்டாபி என்றே ஜனங்கள் கூப்பிட்டார்கள்.

கோணல் குடும்பத்தைப் பார்த்துச் சிரிக்கவும் அழவும் இரண்டுக்கும் கொல்கத்தாவில் நெடுநாளைய மரபு உண்டு. இரண்டுமே தமிழ்நாடு வரை வந்திருக்கின்றன.

சிரிப்பு மரபுக்கு உதாரணம் தபன் சின்ஹாவின் 'கல்போ ஹோலேயோ ஷொத்தி' (1966). பெயருக்கு அர்த்தம், கதையானாலும் உண்மை. ஒரு கல்கத்தாக் கூட்டுக் குடும்பம். அண்ணன் தம்பிக்குள் சண்டை, ஓரகத்திகளுக்குள் புகைச்சல். எந்த வேலைக்காரனும் அங்கே நிலைத்ததில்லை. ஒருநாள் தனஞ்சய் என்று ஒருவன் வேலை கேட்டு வந்து நிற்கிறான். ரபி கோஷ் நடித்த வேடம். சமைக்கிறான், பாடுகிறான், ஒருவர் மனதை இன்னொருவருக்குப் புரிய வைக்கிறான். வீடு சரியானதும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகிறான். இதுவே ஹிருஷிகேஷ் முகர்ஜி கையில் ராஜேஷ் கன்னாவின் 'பாவர்ச்சி' (1972) ஆனது. அங்கிருந்து மு.க. முத்துவின் 'சமையல்காரன்' (1974) ஆகித் தமிழுக்கும் வந்தது.

அழுகை மரபுக்கு உதாரணம், அசுதோஷ் முகோபாத்யாயின் கதையை வைத்து அஜோய் கர் எடுத்த 'ஷாத் பாகே பாந்தா' (1963). சுசித்ரா சென்னுக்கு மாஸ்கோ திரைப்பட விழாவில் பரிசு வாங்கித் தந்த படம். மகள் சாதாரணப் பேராசிரியரைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். மருமகனின் வருமானமும் வீடும் தன் அந்தஸ்துக்குக் குறைவு என்று தாயார் குத்திக் குத்தியே அந்தக் கல்யாணத்தை உடைக்கிறார். தமிழில் இது ஜெமினி கணேசன், சுஜாதா நடித்த 'லலிதா' (1976). இந்தியில் ஜெயா பாதுரி நடித்த 'கோரா காகஸ்' (1974). அந்த இந்திப் படத்தை இயக்கியவர் அனில் கங்குலி. ரூபாலியின் அப்பா.

ஆக, மாயாவின் இளக்காரம் மும்பையில் 2004ல் முளைத்ததல்ல. 'உன் தரம் போதாது' என்கிற அதே வாக்கியத்தை அப்பா கண்ணீராக எடுத்தார். முப்பது வருடம் கழித்து மகள் அதைச் சிரிப்பாக நடித்தார். சிரிப்பு நின்று பதினான்கு வருடத்துக்குப் பின் அதே வாக்கியத்துக்காக மறுபடி அழத் தொடங்கினார். கூடவே இன்னொருவரும் இடம் மாறினார். சாராபாய் வீட்டில் காது கேளாத அத்தை கணவராக வந்து எல்லோரையும் படுத்திய அரவிந்த் வைத்யாதான், அனுபமாவில் மருமகளுக்காக நியாயம் பேசும் மாமனார்.

இந்த மாற்றம் நடந்த வருடத்தில் ஒரு வேடிக்கை. கொரோனா ஊரடங்கால் 2020 மார்ச்சில் நாடு முழுவதும் படப்பிடிப்பு நின்றது. மார்ச்சில் வர வேண்டிய 'அனுபமா' ஜூலைக்குத் தள்ளிப்போனது. தினசரித் தொடர்களுக்குக் கைவசம் இருந்தது சில நாள் சரக்குதான். சானல்கள் பழைய பெட்டிகளைத் திறந்தன. ஏப்ரலில் ஸ்டார் பாரத் எடுத்துத் தூசு தட்டியவற்றில் ஒன்று, ரேட்டிங் இல்லாமல் நின்றுபோன அதே சாராபாய். முதலில் வந்த ஸ்டார் ஒன் சானல் 2011லேயே பெயர் மாறி மறைந்துவிட்டது. தொடர் சானலைவிட நீண்ட ஆயுளோடு இருந்தது. வசந்தத்தில் மோனிஷாவாகச் சிரிக்க வைத்தவர், மழைக்காலத்தில் அனுபமாவாக அழத் தொடங்கினார்.

'ஸ்ரீமொயீ' வகைத் தொடர்களை ஒரேயடியாக மட்டம் தட்டுவதும் நியாயமில்லை. நடுத்தர வயதுப் பெண், வளர்ந்த பிள்ளைகளின் தாய், விவாகரத்துக்குப் பிறகும் வாழ்க்கை உண்டு என்று தினமும் மாலையில் கூடத்து நடுவில் சொல்வது சின்ன விஷயமல்ல. கொல்கத்தாவில் இதை எழுதிய லீனா கங்கோபாத்யாய், மாநில மகளிர் ஆணையத்தின் தலைவராகவும் இருந்தவர். சென்னையிலும் சேலத்திலும் பாக்கியலட்சுமியைப் பார்த்த பெண்கள் பலருக்கு அது அவர்கள் வாயால் சொல்ல முடியாத பேச்சு.

சிக்கல் அதற்கு அப்புறம் வருகிறது. அவள் சொந்தக் காலில் நின்ற அன்று கதை முடிந்துவிட வேண்டும். ஆனால் ரேட்டிங் இருக்கும்போது முடிக்க முடியாது. ஆகவே அவளை மறுபடி கீழே தள்ள வேண்டும். மாமியார் திருந்தினால் மறுபடி கெட வேண்டும். பழைய புருஷன் வீட்டுக்குள்ளேயே சுற்ற வேண்டும். அவமானம் தீர்ந்துபோனால் தொழில் நின்றுபோகும். அவளுடைய விடுதலைக்காகத் தொடங்கிய தொடர், அவள் விடுதலை அடையாமல் பார்த்துக்கொள்வதில் போய் நிற்கிறது.

இந்த ஓயாத ஆலையில் அரைபடுவது கதாபாத்திரங்கள் மட்டுமல்ல. 2018 ஆகஸ்டில் டாலிகஞ்ச் ஸ்டுடியோக்களில் நடிகர்கள் வேலையை நிறுத்தினார்கள். சம்பளம் நேரத்துக்கு வர வேண்டும், வேலை நேரத்துக்கு வரம்பு வேண்டும், கூடுதல் நேரத்துக்குக் கூலி வேண்டும் என்பவை கோரிக்கைகள். வங்காளித் தொடர்கள் பழைய அத்தியாயங்களை மறுபடி ஓட்டின. ஏறக்குறைய ஒரு வாரம் கழித்து முதல்வர் மம்தா பானர்ஜி தலையிட்டுப் பேச வைத்த பிறகே விளக்குகள் எரிந்தன. மாநில முதல்வரே பஞ்சாயத்து பண்ண வேண்டிய அளவுக்கு அந்த ஒரு வாரம் பெரிய விஷயமாக இருந்தது. ஸ்டுடியோவை நம்பிப் பிழைப்பவர்கள் அத்தனை பேர். மாலையில் அதற்காகக் காத்திருப்பவர்கள் அதைவிட அதிகம். இந்த ஆலைக்குத் தினமும் தீனி வேண்டும். வாரம் ஒரு தரமான சிரிப்பு அதன் பசிக்குப் போதாது.

குறைந்த ஆயுள் சாராபாய்க்கு மட்டும் வாய்த்த தலையெழுத்து அல்ல. அமெரிக்காவில் நொடித்துப்போன பணக்காரக் குடும்பத்தை வைத்து எடுத்த 'அரெஸ்டட் டெவலப்மென்ட்' ஏறத்தாழ அதே நாட்களில், 2003 முதல் 2006 வரை வந்து, பார்ப்பவர் போதவில்லை என்று நிறுத்தப்பட்டது. 2013ல் நெட்ஃபிளிக்ஸ் அதை எழுப்பிப் பார்த்தது. சாராபாயையும் 2017ல் ஹாட்ஸ்டார் எழுப்பியது. இரண்டிலும் பழைய ரசிகர்களே உதட்டைப் பிதுக்கினார்கள். பிரிட்டிஷ்காரர்கள் இன்னும் சிக்கனம். ஜான் கிளீஸ் நடித்த 'ஃபால்ட்டி டவர்ஸ்' 1975ல் ஆறு, 1979ல் ஆறு, மொத்தம் பன்னிரண்டே அத்தியாயம். அரை நூற்றாண்டு கழித்தும் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பன்னிரண்டோடு நிறுத்தியதைத் தோல்வி என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

2025 அக்டோபர் 25ஆம் தேதி சதீஷ் ஷா மும்பையில் காலமானார். வயது 74. இறுதிச் சடங்கில் சாராபாய் குடும்பத்தினராக நடித்தவர்கள் கூடி நின்று, கண்ணீரோடு அந்தத் தொடரின் தலைப்புப் பாடலைப் பாடினார்கள். பத்தொன்பது வருடம் முன்பு முடிந்துபோன ஒரு தொடரின் பாட்டு. வருடக்கணக்கில் ஓடும் தொடர்களில் அப்பா மாறுவார், அண்ணன் மாறுவார். 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு வரி போட்டால் கதை நடக்கும். இந்திரவதனுக்குப் பதில் இவர் என்று யாரையும் கற்பனை செய்ய முடியாது. எழுபது வாரமே பார்த்திருந்தாலும் அந்த முகம் மாற்ற முடியாதபடி பதிந்துபோனது.

இதில் கணக்குப் பார்க்க வேண்டிய நஷ்டம் ஒன்று உண்டு. நம் வீடுகளில் 'உன் தரம் போதாது' என்கிற பேச்சு இருக்கிறது. பிறந்த வீட்டைச் சொல்லி, ஆங்கிலத்தைச் சொல்லி, நிறத்தைச் சொல்லி, சமையலைச் சொல்லி அது தினமும் நடக்கிறது. கண்ணீர்த் தொடரில் அதைக் கேட்கும் மருமகள், 'என்னைப் போலவே இவளும்' என்று ஆறுதல் அடைவாள். அதே கூடத்தில் அமர்ந்திருக்கும் மாமியாருக்கு அது தன்னைப் பற்றியது என்றே தோன்றாது. திரையில் இருப்பவர் வில்லி, தான் அப்படியா? மாயா வில்லி அல்ல. நன்றாகப் பேசுவார், பாசமும் உண்டு, மருமகளை உயர்த்துவதாகவே மனதார நம்புவார். அதனால்தான் அவரைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிய மாமியார் பாதியில் சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டு யோசிக்க நேரும். மாமியாரும் மருமகளும் ஒரே சோபாவில் அமர்ந்து தங்கள் சண்டையையே பார்த்துச் சிரிக்கிற அந்த அரை மணி நேரம் நம் டி.வி.யில் அபூர்வமாகிவிட்டது.

தபன் சின்ஹாவின் தனஞ்சய் இன்றைய டாலிகஞ்சில் ஏதாவது ஒரு தொடர் வீட்டுக் கதவைத் தட்டினால் என்ன ஆகும்? ஒரு வாரத்தில் சண்டைகளைத் தீர்த்து வைத்துவிட்டுக் கிளம்பப் பார்ப்பான். தயாரிப்பாளர் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொள்வார். இவனைப் போக விடக் கூடாது, இவனுக்கும் ஒரு பிளாஷ்பேக் எழுது, இந்த வீட்டுக்கே இவன் காணாமல் போன மூத்த மகன் என்று வை என்பார். மறுநாள் காலை முதல் தனஞ்சயும் அழ ஆரம்பிப்பான்.